சிரமபரிகாரம்

1957-ஆம் ஆண்டு இத்தாலியில் நடந்த 'ஜிரோ' சைக்கிள் பந்தயத்தில், லக்ஸம்பர்க் நாட்டு வீரரான ஷார்லி கோல் என்பவர், முதலிடத்தில் இருப்பவருக்கு மட்டுமே உரிய இளஞ்சிவப்புச் சட்டையை அணிந்துகொண்டு, வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரு தினத்தில், தேக தர்மத்தின் பொருட்டுச் சாலையோரத்தில் சற்றே ஒதுங்கி நின்றார். அவர் நின்றதைக் கண்டதும், பிரெஞ்சு வீரர் லூயிஸோன் போபேயும் இத்தாலிய வீரர் கஸ்தோனே நென்சீனியும் தங்கள் பரிவாரங்களோடு வண்டிகளை முடுக்கிக்கொண்டு மறைந்துவிட்டார்கள். அன்றைக்கு இழந்த நிமிஷங்களைக் கோல் பிறகு மீட்கவேயில்லை. சட்டை போயிற்று, பந்தயமும் போயிற்று, முந்திய வருஷம் மோன்டே போன்டோனே மலையில் பனிப்புயலினூடே ஏறி இதே பந்தயத்தை வென்றிருந்த அந்த மகாவீரருக்கு, 'மிஸ்யூ பிபி' (ஒன்றுக்குத் துரை) என்ற பட்டப்பெயர் மட்டும் மிஞ்சிற்று. அவரும் சும்மா இருந்துவிடவில்லை. அடுத்து வந்த தினங்களில் நென்சீனிக்குத் துணையாக மிதித்து, போபே வெறும் 19 விநாடி வித்தியாசத்தில் தோற்கும்படி செய்து, ஒருவாறு மனத்தை ஆற்றிக்கொண்டார்.

அறுபது வருஷம் கழித்து, 2017-இல், அதே பந்தயத்தில், அதே நிறச் சட்டையை அணிந்திருந்த டச்சு வீரர் டாம் டூமுலான், ஆல்ப்ஸ் மலையில் அன்றைய கடைசி ஏற்றத்துக்கு முன்னால், தொலைக்காட்சிக் காமிராக்கள் பின்தொடர்ந்து வருவதைப் பொருட்படுத்தாமல், வண்டியைப் போட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, இன்னும் அவசரமானதொரு காரியத்துக்காகச் சாலையோரத்தில் இறங்கிவிட்டார். இரண்டு நிமிஷத்துக்கு மேல் அவருக்கு நஷ்டம். ஆயினும் மிலான் நகரில் அந்தப் பந்தயத்தை வென்றவர் அவரேதான். ஒன்றுக்கு நின்றவர் தோற்றார், இரண்டுக்கு நின்றவர் ஜயித்தார் என்றால், இந்த விஷயத்தில் தர்ம நியாயம் எதையும் எதிர்பார்ப்பதற்கில்லை.

எங்கள் கோஷ்டிக்குப் பந்தயமும் இல்லை, இளஞ்சிவப்புச் சட்டையும் இல்லை. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கன்னியாகுமரி வரையில், தை மாதத்து வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கும் நாட்களாகப் பார்த்து, ஒருவரையொருவர் விட்டுப் பிரியாமல் சேர்ந்தே சைக்கிளில் போய்ச் சேருவது என்று சங்கற்பம் செய்துகொண்ட பத்துப் பன்னிரண்டு சாமானியர்கள் நாங்கள். சேர்ந்தே போவது என்ற அந்த ஒரு நிபந்தனையில்தான் சங்கடம் முழுவதும் ஒளிந்துகொண்டிருந்தது. தனியே போகிறவனுக்குச் சிறுநீர்ப்பை என்று ஒன்று இருப்பதே ஞாபகத்தில் இராது. வேண்டும்போது நிற்பான், வேண்டியதைச் செய்வான், மேலே போவான். பத்துப் பேர் கூடிப் போகையிலோ, வெவ்வேறு வயதும் வெவ்வேறு பழக்கமும் உள்ள பத்துச் சிறுநீர்ப்பைகளுக்கு ஒரே பஞ்சாங்கம் கணிக்க வேண்டியிருக்கிறது. கோஷ்டியின் வேகத்தை நிர்ணயிப்பது கால்பலம் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் கூட்டமாக ஒரு நாள் சைக்கிளில் போய்ப் பார்க்கட்டும்.

பஞ்சாங்கம் கணிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் எங்கள் தலைவர். வங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கட்டம் போட்டு எழுதினாலொழிய அது நடக்காது என்ற நம்பிக்கை உடையவர். புறப்படுவதற்கு முன் கூடிய ஆலோசனைக் கூட்டத்தில், 25 கிலோமீட்டருக்கு ஒருமுறை பத்து நிமிஷம் என்று ஓர் அட்டவணை தயாரித்து, அந்தப் பத்து நிமிஷத்துக்குச் 'சிரமபரிகாரம்' என்ற கௌரவமான நாமத்தையும் சூட்டி, ஆளுக்கொரு பிரதி வழங்கினார். கோஷ்டியில் இருந்த டாக்டர் அதைப் படித்துவிட்டுப் புன்னகை செய்தார். அவர் ஏன் புன்னகை செய்தார் என்பது மறுநாள் விடியற்காலையில்தான் எங்களுக்கு விளங்கிற்று.

நாலரை மணிக்குத் திருவான்மியூரில் புறப்பட்டோம். முதல் சிரமபரிகாரம் கோவளத்தில் என்பது அட்டவணை. ஆனால் முட்டுக்காட்டுப் பாலத்தை அடைவதற்குள்ளாகவே கோஷ்டியில் ஒருவித அமைதியின்மை பரவிவிட்டது. அரட்டை நின்றுபோயிற்று, ஆசனத்தில் இப்படியும் அப்படியும் நெளிவது அதிகமாயிற்று. ஓர் இளைஞர் பின்சக்கரத்தில் காற்றுக் குறைந்திருப்பதாகச் சந்தேகப்பட்டார். இன்னொருவருக்கு வீட்டுக்கு அவசரமாகத் தொலைபேசியில் பேச வேண்டியிருந்தது. ஐந்தேகால் மணிக்கு அவர் வீட்டில் யார் விழித்திருப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாமவர் சூரியோதயத்தைப் புகைப்படம் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, சூரியன் உதிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கையில், அது உதிப்பதற்குச் சற்றும் சம்பந்தமில்லாத மேற்குத் திசையை நோக்கி இருட்டில் இறங்கிப் போனார். உள்ளதை உள்ளபடி சொன்னவர் எங்களுக்குள் மூத்தவரான ஆடிட்டர் ஒருவரே. "சார், உங்கள் அட்டவணையை நான் படித்துவிட்டேன், என் புராஸ்டேட் இன்னும் படிக்கவில்லை" என்று சொல்லி, தலைவருடைய பதிலுக்குக் காத்திராமல் வண்டியை நிறுத்திவிட்டார்.

டாக்டர் அப்போதுதான் வாய் திறந்தார். வயது வந்த ஒருவருடைய சிறுநீர்ப்பை ஏறக்குறைய 400 முதல் 500 மில்லிலிட்டர் வரையில் கொள்ளுமென்றும், பாதி நிறைவதற்குள்ளேயே அது மூளைக்குத் தகவல் சொல்ல ஆரம்பித்துவிடுமென்றும், குளிர்ந்த காற்றில் தோலுக்கு அடியிலுள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்தம் உட்பக்கம் ஒதுங்குகையில், நீர் அளவுக்கு மிஞ்சிவிட்டதாகத் தேகம் தீர்மானித்துச் சிறுநீரகங்களுக்கு ஆணையிட்டுவிடுமென்றும், புறப்படும் முன்பு நாங்கள் குடித்த பெரிய தம்ளர் காப்பி அந்த ஆணைக்கு ஒத்தாசை செய்யுமென்றும் விளக்கினார். வெயில் ஏறிவிட்டால் கதையே வேறு. மணிக்கு ஒரு லிட்டர் வரையில் வியர்வையாகவே போய்விடும். அப்புறம் குடிப்பதை நினைவூட்டத்தான் அட்டவணை வேண்டுமேயொழிய, கழிப்பதற்கு வேண்டியதில்லை. ஆகவே காலையில் 10 கிலோமீட்டருக்கு ஒருமுறை, நண்பகலில் 40 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று இருப்பதே சரீர சாஸ்திரத்துக்குப் பொருத்தம் என்பது அவருடைய கட்சி. சம இடைவெளியில் கோடு போட்டிருந்த தலைவருக்கு இது அநியாயமாகவே பட்டது. இருந்தாலும், விஞ்ஞானத்தை உத்தேசித்தோ, தம்முடைய சொந்த நிலைமையை உத்தேசித்தோ, அவரும் அந்த நிறுத்தத்தில் இறங்கத் தவறவில்லை.

இடைவெளியைத் திருத்தியதோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. "யாருக்காவது வேண்டுமா?" என்று கேட்டால் ஒருவரும் வேண்டுமென்று சொல்லமாட்டார்கள். தன் ஒருவனுக்காகப் பத்துப் பேர் நிற்பதா என்ற தாட்சண்யம் ஒரு பக்கம். நானா பலவீனன் என்ற அகம்பாவம் ஒரு பக்கம். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு ஏறி மிதித்து மூன்று கிலோமீட்டர் போனதும் ஒரு கை உயரும். அந்தக் கைக்காக நிற்கும்போது மற்றவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மறுபடி ஏறிய ஐந்தாவது நிமிஷம், சற்று முன் மிகவும் அலட்சியமாக வானத்தைப் பார்த்தவருடைய கை உயரும். வாய்க்கால் மதகில் தண்ணீர் விழும் ஓசை கேட்டுவிட்டாலோ, வரிசை முழுவதும் ஒரே சமயத்தில் கை தூக்கும். கேட்பதை அடியோடு நிறுத்திவிட்டு, "எல்லோரும் இறங்குங்கள், எல்லோரும் போய் வாருங்கள்" என்று உத்தரவாகவே போட்டுவிடுவதுதான் பரிகாரம் என்பதைத் தலைவர் கண்டுபிடித்தது புதுச்சேரியைத் தாண்டிய பிறகு. தொடக்கப் பள்ளி ஆசிரியைகள் நெடுங்காலமாகக் கையாளும் முறை அது.

கொள்ளிடத்தைக் கடந்து காவிரி டெல்டாவுக்குள் புகுந்ததும் சிக்கல் வேறு ரூபம் கொண்டது. எங்களோடு வந்த தமிழ்ப் பேராசிரியை, இருபுறமும் அறுவடைக்குக் காத்திருந்த சம்பா வயல்களைப் பார்த்துக்கொண்டே, பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்த ஆசாரக்கோவையில் பெருவாயின் முள்ளியார் இந்த விஷயத்தைப் பற்றி விஸ்தாரமாகவே விதி வகுத்திருக்கிறார் என்ற செய்தியை, கேட்காமலே தெரிவித்தார். புல்தரை, பயிர் நிற்கும் இடம், பசுவின் சாணம் கிடக்கும் இடம், சுடுகாடு, நடைபாதை, நீர்த்துறை, கோயில், மக்கள் ஒதுங்கும் நிழல், மாடு கட்டும் இடம், சாம்பல் கொட்டிய இடம் ஆகிய பத்து இடங்களிலும் அறிவுடையோர் மலஜலம் கழிக்கமாட்டார்கள் என்பது அவருடைய கட்டளையாம். நாங்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு நாற்புறமும் பார்த்தோம். வலப்பக்கம் பயிர், அதற்கப்பால் கோயில், கோயிலை ஒட்டிக் குளம், குளக்கரையில் ஆலமரத்து நிழல், நிழலில் மாடுகள், மாடுகள் இருக்கும் இடத்தில் வேறென்ன இருக்கும்? இடப்பக்கம் புல், புல்லைக் கடந்தால் வாய்க்கால், வாய்க்காலுக்கு அக்கரையில் ஊர்ச் சுடுகாடு, சாம்பலோடு. அந்தப் பத்தையும் கழித்துவிட்டால் மாயவரத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே அறிவுடையோருக்கு என்று மிச்சமாவது தார்ச்சாலை ஒன்றுதான். அதுவும் வழி என்ற கணக்கில் சேர்ந்துவிடுகிறது. முள்ளியார் சோழநாட்டில் சைக்கிள் பிரயாணம் செய்ததில்லை என்பதற்கு இதைவிட உட்சான்று வேண்டியதில்லை.

திசையைப் பற்றியும் அவர் விதி சொல்லியிருப்பதாகப் பேராசிரியை அடுத்தபடி தெரிவித்தார். பகலில் தெற்கு நோக்கக் கூடாது. இரவில் வடக்கு நோக்கக் கூடாது. இந்த இடத்தில் சாஸ்திரத்துக்கும் வாடைக்காற்றுக்கும் விரோதம் ஏற்பட்டது. தை மாதத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். வடக்கையோ கிழக்கையோ பார்த்து நிற்கிற ஆண்மகனுக்கு என்ன கதி நேரும் என்பதை நான் விவரிக்கப்போவதில்லை. தெற்கைச் சாஸ்திரம் தடுக்க, வடக்கையும் கிழக்கையும் காற்றுத் தடுக்க, எஞ்சியது மேற்கு. ஆனால் தெற்கு நோக்கிப் பிரயாணம் செய்யும் நாங்கள் சாலை விதிப்படி இடப்புறமாக, அதாவது கிழக்கோரமாகப் போய்க்கொண்டிருந்தோம். கிழக்கோரத்தில் நின்று மேற்கே பார்ப்பது என்றால் டெல்டாவின் பஸ் பிரயாணிகள் அனைவரையும் நேருக்கு நேர் பார்ப்பது என்று அர்த்தம். ஆகையால் ஒவ்வொரு தடவையும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் குறுக்கே கடந்து, மேற்கோரத்தை அடைந்து, சாலைக்கு முதுகு காட்டி நின்று, மறுபடி கடந்து திரும்ப வேண்டியதாயிற்று. நாகரிகம், சாஸ்திரம், காற்று ஆகிய மூன்றுக்கும் உடன்பாடான நிலை இந்தச் சாலையில் அது ஒன்றே என்பதை, பின்னால் வரும் யாத்ரீகர்களின் நன்மைக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

பெட்ரோல் பங்க்குகள் இருக்கின்றனவே என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கின்றன, குடிநீரும் காற்றும் கழிப்பறையும் அங்கே வைத்திருக்க வேண்டும் என்பது எண்ணெய்க் கம்பெனிகளே விதித்திருக்கும் நிபந்தனை. கழிப்பறை உண்டு, அதற்குப் பூட்டும் உண்டு. சாவி மேலாளரிடம் இருக்கும். மேலாளர் சாப்பிடப் போயிருப்பார். அவர் வரும் வரையில், பெட்ரோலே குடிக்காத வண்டிகளில் வந்து இறங்கியிருக்கும் எங்களைச் சிப்பந்திகள் பார்க்கும் பார்வையில், பில் போடாமல் ஹோட்டல் மேஜையில் உட்கார்ந்திருக்கும் கூச்சம் உண்டாகும். ஆடிட்டர் அதைச் சமாளிக்க ஒவ்வொரு பங்க்கிலும் ஒரு சிறு டப்பா எண்ணெயாவது வாங்கிவிடுவார். கன்னியாகுமரியை அடைந்தபோது அவர் பையில் இருந்த எண்ணெய் ஒரு லாரிக்குப் போதும்.

உடையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். இளைஞர்கள் அணிந்திருந்தது தோள்பட்டைகளில் வார் மாட்டிய, உடம்போடு ஒட்டிய நவீன கால்சட்டை. மிதிப்பதற்கு அதைவிடச் சுகமானது இல்லை என்கிறார்கள். கழற்றுவதற்கு முதலில் மேற்சட்டையைக் கழற்றி, பிறகு வாரை இறக்கி, மூன்றாவதாகத்தான் காரியத்தைத் தொடங்க வேண்டும். செருப்பின் அடியில், மிதிகட்டையில் மாட்டிக்கொள்வதற்காக ஒரு கொக்கி வேறு. ஈரமான வழுவழுப்புத் தரையில் அந்தக் கொக்கியோடு நடப்பவர்கள் நடப்பதில்லை, பரதம் ஆடுகிறார்கள். இவை எல்லாவற்றையும் வென்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாலும், 120 கிலோமீட்டர் மிதித்த தொடைகளோடு குந்தி உட்காருவது ஒன்று, எழுந்திருப்பது வேறொன்று. சிதம்பரத்தில் ஓர் இளைஞர் உள்ளே போய் வெகுநேரம் ஆகியும் வராததைக் கண்டு கதவைத் தட்டியபோது, "அண்ணே, ஒண்ணுமில்லே, கால்தான் வரமாட்டேங்குது" என்ற தீனமான குரல் கேட்டது. குழாயைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்படி வெளியிலிருந்தே யோசனை சொன்னோம். குழாய் கையோடு வந்துவிட்டது என்று அடுத்த தகவல் வந்தது.

இவ்வளவு நேரம் ஆண்களின் கஷ்டத்தை எழுதினேன். அதில் பாதி வேடிக்கை. பெண்களுடையதில் வேடிக்கை அதிகம் இல்லை. பேராசிரியையும் அவருடைய தோழியும் ஆரம்பத்தில் கையாண்ட உபாயம், தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவது. நம் நாட்டில் நீண்ட பஸ் பிரயாணம் செய்கிற பெண்கள் பலரும், பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தைகளும்கூட, யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்டிருக்கும் உபாயம் அது. தலைவலியும் மயக்கமும் சிறுநீர்த் தொற்றும் அதற்குச் செலுத்த வேண்டிய வட்டி. டாக்டர் அவர்களைக் கடுமையாகவே கண்டித்தார். "குடிக்கிறோம் டாக்டர், இடம் யார் காட்டுவது?" என்று பேராசிரியை திருப்பிக் கேட்டதற்கு அவரிடம் மருந்து இல்லை.

இடத்தை அவர்களே கண்டுபிடித்தார்கள். முத்துப்பேட்டையைத் தாண்டிய பிறகு, சாலையோரத்து வீடு ஒன்றின் முன் இறங்கி, வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மாளிடம், "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று தோழி கேட்டார். அந்த அம்மாள் இருவர் முகத்தையும் ஒரு கணம் பார்த்தாள், தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "கொல்லையிலே கக்கூஸ் இருக்கு, போயிட்டு வாங்கம்மா. தண்ணி அப்பறம் குடிக்கலாம்" என்றாள். கேட்காத கேள்விக்குக் கிடைத்த அந்தப் பதிலின் விவேகம், எங்கள் அட்டவணை முழுவதிலும் இல்லை. அது முதல் மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று வழி நெடுகிலும் இதுவே முறையாயிற்று. ஆண்களும் வெட்கத்தை விட்டுப் பின்னால் வரிசையில் நின்றோம். இதில் ஒரே ஒரு விக்கினம். எந்த வீட்டிலும் வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புவதில்லை. கருப்பட்டிக் காப்பி வரும், மறுத்தால் வருத்தப்படுவார்கள், குடித்தால், அடுத்த முக்கால் மணிக்குள் இன்னொரு வீட்டின் கதவைத் தட்ட வேண்டும், அங்கேயும் காப்பி வரும். ஓரிடத்தில் ஒரு கிழவி எங்கள் வண்டிகளையும் தலைக்கவசங்களையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் படிச்சவுக, பஸ்ஸுக்குக் காசில்லாமயா இப்பிடி வாரீக?" என்று மிகுந்த பரிவோடு விசாரித்தாள்.

ராமநாதபுரத்துக்குத் தெற்கே வீடுகள் அருகி, சீமைக் கருவேல மரங்கள் பெருகின. மறைவு என்று பார்த்தால் அதற்கு இணையான புதர் கிடையாது. ஆனால் அதன் முள், ரப்பர் சக்கரம் என்றால் எங்கிருந்தாலும் தேடிக்கொண்டு வரும். சாலையை விட்டுப் பத்தடி உள்ளே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவர் திரும்பும்போது இரண்டு சக்கரத்திலும் காற்று இராது. அவர் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுகிற கால் மணி நேரத்தில் காத்திருப்பவர்களுக்குத் தேவை மூண்டு அவர்களும் புதருக்குள் போவார்கள். அவர்களுக்கும் முள் காத்திருக்கும். சாயல்குடிக்கு முன்னால் எங்களுக்கு ஒரு முற்பகல் முழுவதும் இப்படியே கழிந்தது. வேம்பாரைத் தாண்டித் தூத்துக்குடியை நெருங்கியபோதோ நேர்மாறான நிலைமை. உப்பளங்கள், அடிவானம் வரையில் ஒரு செடி இல்லை, ஒரு மைல் தூரத்தில் உப்பு வாருகிறவர் தலையைச் சொறிவதுகூடத் தெரிந்தது. இப்படிப்பட்ட இடத்துக்கும் முள்ளியார் வழி சொல்லியிருக்கிறார் என்றார் பேராசிரியை: எல்லாத் திசைகளுக்கும் உள்ளத்திலேயே திரையிட்டுக்கொண்டு, ஆகாயத்தில் இருப்பதாகப் பாவித்துக்கொள்ள வேண்டுமாம். ஆடிட்டர் அதைச் சிரத்தையோடு கேட்டுக்கொண்டார். திரையிட்டும் கொண்டார். அவருடைய திரைக்குப் பின்னால் மதுரைக் கல்லூரி ஒன்றின் சுற்றுலா பஸ் நின்று, உப்பளத்தைப் படம் எடுக்க மாணவர்கள் இறங்கியது, அவர் பாவனையில் ஆகாயத்தில் இருந்தபடியால் அவருக்குத் தெரியாது.

கன்னியாகுமரியில் விடுதிக்குப் போனதும் வரவுசெலவுக் கணக்குப் பார்த்தோம். பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிடங்களில் கொடுத்த சில்லறை, சேர்த்துப் பார்த்தபோது கணிசமாகவே இருந்தது. அதை எல்லோரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வது நியாயமல்ல, அவரவர் உபயோகித்த அளவுக்கே அவரவர் கொடுக்க வேண்டும் என்று கணிப்பொறித் துறை இளைஞர் ஒருவர் வாதித்தார். வாதிக்கும்போது அவர் பார்வை ஆடிட்டர் மேல் இருந்தது. ஆடிட்டர் பதற்றப்படவில்லை. சிதம்பரத்தில் பிடுங்கப்பட்ட குழாய்க்கு நஷ்ட ஈடு கொடுத்த ரசீதை எடுத்து மேஜைமேல் வைத்து, உபயோகித்தவர் கணக்கில்தான் எழுத வேண்டுமென்றால் இதையும் அப்படியே எழுதிவிடலாமா என்று மரியாதையாகக் கேட்டார். இளைஞர் உடனே சமதர்மத்துக்கு மாறிவிட்டார். எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது அடுத்த கேள்வி. உணவு என்ற தலைப்பில் எழுதத் தலைவருக்கு மனம் வரவில்லை. தங்குமிடம் என்ற தலைப்பும் பொருந்தவில்லை. கடைசியில் ஆடிட்டரே பேனாவை வாங்கி, வண்டிப் பராமரிப்பு என்ற தலைப்பின் கீழ், சங்கிலி எண்ணெய்க்கும் பஞ்சர் பசைக்கும் நடுவே அதை எழுதினார். தலைவர் மூன்றையும் கூட்டிப் பார்த்து, சரி என்று கையெழுத்திட்டார்.